பேயிடம் குறை கேட்கும் ஊர்

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள். வடமொழியில் திந்திரிணி என்றால் புளிய மரம். திந்திரிணிவனம் பேச்சில் தேய்ந்து திண்டிவனம் ஆகிவிட்டது. அந்த ஊரில் கோயில் கொண்டிருக்கும் சிவனுக்கும் திந்திரிணீசுவரர் என்றுதான் பெயர். புளிய மரத்தில் பேய் இருக்கும், உச்சி வேளையில் அதன் அடியில் படுக்காதே என்று சொல்லி வளர்க்கப்படாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை. நாற்கரச் சாலைக்காக நெடுஞ்சாலையோரப் புளிய மரங்கள் வெட்டப்பட்டபோது, அதில் இருந்ததெல்லாம் இனி எங்கே போகும் என்று ஊர்ப் பெரியவர்கள் உண்மையான கவலையோடு பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

தமிழின் மிகச் சிறந்த பேய்க்கதையை எழுதியவர் சிறு வயதில் இந்தப் புளியங்காட்டில்தான் பள்ளிக்கூடம் போனார். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், தந்தையின் அரசு உத்தியோகம் காரணமாகச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று மாறி மாறிப் படித்துவிட்டு 1918-இல் திருநெல்வேலிக்குப் போனார். பின்னால் அவர் எழுதிய ‘காஞ்சனை’யில், வீட்டு வேலைக்கு வந்து சேரும் பெண் யார், என்ன என்பது கடைசி வரை உறுதியாவதில்லை. உண்டு என்றும் இல்லை என்றும் கதை தீர்ப்புச் சொல்லாது. காஞ்சனை இந்த ஊரில் முளைத்தவள் என்று நிறுவ ஆதாரம் கிடையாது, நான் நிறுவப் போவதும் இல்லை. ஆனால் பேய்ப் படங்களையும் பேய்த் தொடர்களையும் முப்பது வருடமாக விடாமல் பார்த்துவரும் ஒரு ரசிகனுக்கு, இந்த மண்ணில் பேய் என்றால் என்ன என்று யோசிக்காமல் திரையில் வரும் பேயை எடைபோட முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்த யோசனையிலிருந்து வந்தது.

இரண்டாவது ஆட்டம் விட்டு, பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்கும் எங்கள் ஊர் ரசிகர்களிடம் ஒரு பேய்ப் படத்தைப் பற்றிக் கேளுங்கள். பயமாக இருந்ததா என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்விதான். ‘பிளாஷ்பேக் எப்படி?’ என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பேய் யாராக இருந்தது, எப்படிச் செத்தது, யார் கொன்றார்கள், அது இப்போது கேட்பது நியாயமா? இடைவேளைக்குப் பிறகு வரும் அந்த இருபது, இருபத்தைந்து நிமிடம் சரியாக இருந்தால் படம் ஓடும். அது சொதப்பினால், அதற்கு முன் எத்தனை கதவு தானாகச் சாத்திக்கொண்டிருந்தாலும் பயனில்லை. வெளியூர் விமர்சகர்கள் பலர் இந்த பிளாஷ்பேக்கைத் தமிழ்ப் பேய்ப் படத்தின் பலவீனம் என்கிறார்கள், பயத்தின் ஓட்டத்தை அது அறுத்துவிடுகிறது என்கிறார்கள். நான் அதை ஒப்பவில்லை. பிளாஷ்பேக்தான் இந்தக் கலையின் முதுகெலும்பு என்பது என் கருத்து. அது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த உத்தியும் அல்ல. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் அதன் மூலத்தைப் பார்க்கலாம்.

மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயில் அது. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை அங்கே நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவம் நடக்கும். அன்று மாலை முதலே திண்டிவனம், விழுப்புரம், சென்னை, வேலூர் என்று பல பக்கமிருந்தும் சிறப்புப் பேருந்துகள் நிரம்பி வழியும். மாசி மாதம் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை. பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளியெறிய, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, அவருக்குப் படைப்பதையெல்லாம் தின்றுவிடுகிறது. அம்மன் சுடுகாட்டில் சோற்றை வாரி இறைக்கிறாள். அதைத் தின்னக் கபாலம் கையை விட்டு இறங்கியதும், பேருருவம் எடுத்து அதை மிதித்துவிடுகிறாள். இதுதான் கதை. அன்றைக்குச் சனங்கள் காய்கறி, தானியம், சுண்டல், கொழுக்கட்டை, காசு எல்லாவற்றையும் சுடுகாட்டில் சூறை விடுவார்கள். வாங்கியவர்கள் அதைப் பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சுடுகாட்டில் விழுந்ததைத் தொடவும் கூசும் மனம், அந்த ஒரு நாள் மட்டும் அதற்காக முண்டியடிக்கிறது.

இந்த அம்மனைப் பற்றி எவலின் மேயர் 1986-இல் ஒரு முழு நூல் எழுதினார். அவருக்குப் பிறகு வந்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், பழைய தென்னார்க்காட்டில் தங்கி, இங்கே நடக்கும் பேயோட்டுதலைக் கூர்ந்து பார்த்து 1997-இல் ஒரு கட்டுரையும் 2000-இல் ஒரு நூலும் வெளியிட்டார். கட்டுரைத் தலைப்பின் பொருள்: காதலனை விரட்டு, மனைவியை மீட்டெடு. அவர் விவரிப்பதும் நாங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்ததும் பெரிதாக மாறுபடவில்லை. பேய் பிடித்ததாகக் கருதப்படும் பெண்ணைப் பம்பைக்காரர் முன் உட்கார வைப்பார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்க, பாட்டிலேயே விசாரணை தொடங்கும். நீ யார்? எந்த ஊர்? எப்படிச் செத்தாய்? இவளை எங்கே பார்த்தாய், எப்போது பிடித்தாய்? என்ன கொடுத்தால் போவாய்? அது முதலில் வாய் திறக்காது. பிறகு பொய் சொல்லும். கெஞ்சியும் மிரட்டியும் ஆடவிட்டும் கடைசியில் உண்மையை வாங்குவார்கள். கேட்டதைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்வார்கள். அந்தப் பெண் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு புளிய மரத்தை நோக்கி ஓடுவாள். பேய் தங்கியிருக்கும் தலைமுடிக் கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடித்துவிடுவார்கள்.

பெயர், ஊர், சாவு, கோரிக்கை, வாக்குறுதி, விடுவிப்பு. இந்த வரிசையை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு ‘காஞ்சனா’வையோ ‘ஈர’த்தையோ பாருங்கள். காட்சிக்குக் காட்சி பொருந்தும். பம்பைக்காரர் பாட்டில் கேட்ட கேள்விக்குச் சினிமா படம் போட்டுப் பதில் சொல்கிறது.

மேற்கத்தியப் பேய்ப் படத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி 1973-இல் வந்த ‘தி எக்சார்சிஸ்ட்’ உலகப் பேய்ப் படங்களுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தது. அதில் மூத்த பாதிரியார் இளையவருக்குச் சொல்லும் முக்கியமான எச்சரிக்கையே, அதோடு பேச்சுக் கொடுக்காதே என்பதுதான். உள்ளே இருப்பது பொய்யன், உண்மையோடு பொய்யைக் கலந்து உன்னை உடைத்துவிடுவான் என்பது அவர் கவலை. பெயர் கேட்கும் வழக்கம் அங்கும் உண்டு. ‘தி கான்ஜுரிங் 2’ (2016) படத்தில் பெயர் தெரிந்ததும்தான் அந்தத் தீய சக்தியை அடக்க முடிகிறது. ஆனால் அங்கே பெயர் கட்டளையிடும் அதிகாரத்தைத் தருகிறது, அவ்வளவுதான். உனக்கு என்ன குறை என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது, ஏனென்றால் அது ஒருகாலத்தில் மனிதனாக இருந்ததே இல்லை. நம் பேய் நேற்று வரை பக்கத்துத் தெருவில் இருந்த ஆள். கயிற்றிலோ கிணற்றிலோ சாலையிலோ ஆயுசு முடியாமல் செத்தவர். அவரிடம் பேசாமல் இருக்க முடியுமா?

இதனால்தான் சிலுவையும் இலத்தீன் மந்திரமும் பரண்மேல் பொம்மையுமாக அப்படியே இறக்குமதியாகும் தமிழ்ப் படங்கள் எவ்வளவு நேர்த்தியாக எடுக்கப்பட்டிருந்தாலும் எங்கள் ஊரில் இரண்டாவது வாரம் தாண்டத் திணறுகின்றன. மிலிந்த் ராவின் ‘அவள்’ (2017) ஒலி, ஒளி, நடிப்பு எல்லாவற்றிலும் தமிழில் வந்த மிகத் திறமையான பேய்ப் படங்களில் ஒன்று. நான் மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் பயந்தேன். ஆனாலும் படம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அந்தப் பேய் என்னோடு வரவில்லை. 1985-இல் வந்த ‘யார்’ படமும் அப்படித்தான். சாத்தானின் பிள்ளை என்ற கருவை ‘தி ஓமன்’ படத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அம்மன் பக்தியைக் கொண்டு முடித்துவைத்தார்கள். அந்த முடிவால்தான் அது இங்கே நின்றது.

நபோகோவின் ஆய்வில் ஒரு செய்தி பல வருடம் என்னைத் தூங்கவிடவில்லை. மேல்மலையனூரில் பெண்களைப் பிடித்ததாகச் சொல்லப்படும் பேய்கள் பெரும்பாலும் ஆண்கள். காதல் கைகூடாமலும் கல்யாணம் ஆகாமலும் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்கள். பிடிபடுபவர்களோ பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்கள். கணவனோடு ஒட்டாமல், சாப்பிடாமல், தாய்வீட்டுக்கு ஓடிப்போகும் பெண்கள். தமிழ்ச் சினிமாவில் இது தலைகீழ். அங்கே பேய் பெண். ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) தொடங்கி ‘அரண்மனை’ (2014) வரை, செத்தவளும் அவளே, புகுந்தவளும் அவளே, பழிவாங்குபவளும் அவளே. ஒரே மண்ணின் பேய், கோயிலில் ஆணாகவும் கொட்டகையில் பெண்ணாகவும் இருப்பது ஏன்?

எனக்குத் தோன்றும் விடை, இவை இரண்டும் வெவ்வேறு பரம்பரை என்பதே. சினிமாப் பேயின் பாட்டி பழையனூர் நீலி. கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாக மீண்டு வந்து, கையில் பிள்ளையோடு ஊர்ச் சபையில் நின்று, இவன் என் புருசன், என்னை ஏற்கச் சொல்லுங்கள் என்று வழக்குரைக்கிறாள். அவனுக்குத் தீங்கு வராது என்று எழுபது வேளாளர் தங்கள் உயிரைப் பிணை வைக்கிறார்கள். அவன் செத்துக் கிடக்க, எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக் கண்ணீர் என்று அவள் அழுகையைப் பொய்க்கு உவமையாக்கிவிட்டது நம் மொழி. கொலை செய்தவனைப் பழிக்க அப்படி ஒரு சொல்லை அது உண்டாக்கவில்லை. நீலி வழக்கு போடும் பேய். மேல்மலையனூர்ப் பேய் விடுதலை கேட்கும் பேய். முதலாவது ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்கிறது. இரண்டாவது, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பெண்ணின் ஆசையையும் வெறுப்பையும் செத்துப்போன ஓர் ஆணின் வாயால் சொல்ல வைக்கிறது. கணவன் வேண்டாம் என்று அவள் சொன்னால் அடி விழும். பேய் சொன்னால் ஊரே உட்கார்ந்து கேட்கும். இரண்டுமே கேட்கப்படாத பெண் குரல்தான். கோயிலில் அந்தக் குரல் கேட்கப்பட்டபின் ஆணியடித்து நிறுத்தப்படுகிறது, அவள் மறுபடி மனைவியாகிறாள். கொட்டகையில் அந்தக் குரல் பழி தீர்த்துவிட்டுத்தான் போகிறது.

நீலி பரம்பரையில் ஆகச் சிறந்த படம் அறிவழகனின் ‘ஈரம்’ (2009). நான் பலரோடு வாதாடிய கருத்து இது, இங்கும் சொல்கிறேன். கொல்லப்பட்டவள் தண்ணீராக வருகிறாள். குழாயில், கண்ணாடியில் படியும் ஆவியில், மழையில், தரையில் ஊர்ந்து வரும் ஈரத்தில். வெள்ளைச் சேலையும் இல்லை, விரித்த தலைமுடியும் இல்லை. அவளைக் கணவன் நீரில் அமுக்கிக் கொன்றான். அதற்கு முன்பே அடுக்குமாடிக் குடியிருப்பின் அக்கம்பக்கத்து வாய்கள் அவள் பெயரைக் கெடுத்துக் கொன்றிருந்தன. ஆகவே பேய் கணவனோடு நிற்காமல் அந்த வாய்களையும் தேடிப் போகிறது. நீலி கதையில் எழுபது பேர் ஏன் சாக வேண்டும் என்று பாட்டி சொன்ன நாளிலிருந்து எனக்கு இருந்த கேள்விக்கு, இந்தப் படம்தான் விடை சொன்னது. தவறாகச் சாட்சி சொன்ன ஊரும் கொலையில் பங்காளி.

மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இந்த இரண்டு பரம்பரைக்கும் வெளியே ஒரு மூன்றாவது வழியைத் திறந்தது. சாலையில் அடிபட்டுச் சாகும் பெண், கடைசி நொடியில் தன் கையைப் பிடித்தவன் வீட்டுக்கு வந்து தங்குகிறாள். அவன் குடியை நிறுத்துகிறாள், அவன் அம்மாவைக் காப்பாற்றுகிறாள். யார் இவளை இடித்தது என்று தேடிப் போகும் அவன், கடைசியில் தன் காரிடமே வந்து நிற்கிறான். அவளுக்கு அது தெரிந்தே இருந்தது. சென்னை – திருச்சி நெடுஞ்சாலை ஓரத்தில் வாழ்பவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரி வலிக்கும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் நாற்பது கிலோமீட்டரில், அடிபட்டவரை மடியில் கிடத்திக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்திருந்த அனுபவம் இல்லாத கிராமம் குறைவு. கையைப் பிடித்தவன், இடித்தவன் இருவரும் ஒரே ஆள் என்ற முடிவில் நான் கொட்டகையில் அழுதேன். அதுவரை எந்தப் பேய்ப் படமும் என்னை அழ வைத்ததில்லை.

‘காஞ்சனா’வுக்கு (2011) எங்கள் பக்கத்தில் கிடைத்த வரவேற்புக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. உளுந்தூர்ப்பேட்டை அருகே கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியன்று திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து ஒப்பாரி வைப்பார்கள். கூவாகம் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தாலும், அந்த நாட்களில் அவர்கள் வந்து நிறைவது விழுப்புரம் நகரத்தில்தான். ஆண்டுக்கு ஒரு வாரம் அவர்களை வேடிக்கை பார்த்துப் பழகிய ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், முதல் பாதி முழுக்கச் சிரிக்க வைத்துவிட்டு, திடீரென்று சரத்குமார் சேலையில் நின்று, தன் நிலம் பறிபோன கதையையும், வளர்த்த முஸ்லிம் பெரியவரும் அவர் மகனும் தன்னோடு கொல்லப்பட்ட கதையையும் சொன்னபோது, விசில் அடித்துக்கொண்டிருந்த கொட்டகை சட்டென்று அடங்கிப்போனது. திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது, அமைத்தது 2008-இல். மூன்று வருடம் கழித்து வந்த ஒரு பேய்ப் படம் அரசாணை எட்டாத மனங்களை எட்டியது. நாயகன் கடைசியில் அந்தப் பேயைத் தன் உடம்புக்குள் தானே அழைத்துக்கொள்கிறான். விரட்டுவது இல்லை, இடம் கொடுப்பது. அடுத்தடுத்த பாகங்கள் அதை வாய்ப்பாடாக்கிவிட்டன. அவற்றை நான் பொருட்படுத்தவில்லை.

நகைச்சுவைப் பேய்ப் படங்கள் 2014-க்குப் பிறகு ஏன் வெள்ளமாக வந்தன என்பதற்கு ரசனையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 2011-இலிருந்து, கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் பெயர் மட்டும் போதாது, ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்றானது. ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போடவும் முடியாது. தொலைக்காட்சி உரிமை போகாத படத்தைத் தயாரிப்பாளர் தொடமாட்டார். பயத்தைக் குறைத்துச் சிரிப்பைக் கூட்டுவதுதான் அவருக்கு வழி. 2017-இல் சரக்கு சேவை வரி வந்து அந்த விலக்குக் கணக்கு மாறியது, ஆனால் பழக்கம் போகவில்லை.

விழுப்புரத்தில் 1928-இல் பிறந்த சிவாஜி கணேசனுக்கும் இந்தக் கதையில் இடம் இருக்கிறது. அவர் தயாரித்து நடித்த ‘புதிய பறவை’யில் (1964) செத்துப்போன மனைவி வாசலில் வந்து நிற்கிறாள். அது பேய் அல்ல, போலீசின் ஏற்பாடு. ஆனாலும் குற்றம் செய்தவனைச் செத்தவள் வந்து வாக்குமூலம் கொடுக்க வைக்கும் அமைப்பு பேய்க்கதையுடையதுதான். அவர் நிறுவனத்தின் ஐம்பதாவது படமாக, அவர் மறைந்தபின் 2005-இல் வந்த ‘சந்திரமுகி’ இதைத் திருப்பிப் போட்டது. பேய் இல்லை, மனநோய்தான் என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால் அவர் குணப்படுத்தும் விதம் எது? சந்திரமுகியை அவள் பெயர் சொல்லி அழைத்து, அவள் கேட்பதைக் கேட்டு, பழிவாங்க ஒரு பொம்மையை அவளுக்குக் கொடுத்து அனுப்பி வைக்கிறார். பக்கத்திலேயே மந்திரவாதியும் நிற்கிறார். பி. வாசுவின் அந்த உச்சக் காட்சியை மேல்மலையனூர் அமாவாசைக்கு வந்துபோகும் எந்தப் பாட்டிக்கும் விளக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சியில் இந்த இரட்டை விளக்கத்தை முதலில் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கவிதாலயா தயாரிப்பில் 1990-களின் பின்பாதியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையில் ஒன்று அது. தோட்டக்காரமங்கலம் என்ற கற்பனைக் கிராமத்தில், தப்பு செய்பவர்களைக் கருப்பு குதிரையேறி வந்து தண்டிக்கிறது. கேபிள் இணைப்பு இருந்த ஒரு வீட்டில் தெருவே உட்கார்ந்து பார்த்த காலம் அது. தொடர் முடிந்து வீட்டுக்குப் போகும்போது, எல்லையிலிருந்த வீரன் கோயிலைத் தாண்ட ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். கடைசியில், பிளவுபட்ட மனம் ஒன்று இதைச் செய்தது என்று மருத்துவம் சொன்னது. அப்படியானால் கருப்பு இல்லையா என்று கேட்டால், அதற்கும் தொடர் இல்லை என்று சொல்லவில்லை. காஞ்சனை கதை நின்ற அதே இடத்தில் தொடரும் நின்றது. அதை எழுதியவர் 2024 நவம்பரில் மறைந்தார். நாகரிகமான பயம் என்று ஒன்று உண்டென்றால், அதை எங்கள் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

தொலைக்காட்சிப் பெட்டியையே பேயாக்கிய படம் விக்ரம் கே. குமாரின் ‘யாவரும் நலம்’ (2009). புது அடுக்குமாடி வீட்டில் ஒரு குடும்பம் பகலில் பார்க்கும் நெடுந்தொடரில், அந்தக் குடும்பத்துக்கே நடப்பதெல்லாம் நடக்கிறது. அந்தத் தொடர் வேறு எந்த வீட்டிலும் வருவதில்லை. செத்தவர்கள் தங்கள் குறையைச் சொல்ல உடம்பைத் தேடவில்லை, அலைவரிசையைப் பிடித்திருக்கிறார்கள். பம்பைக்காரர் இல்லாத நகரத்தில் வேறு யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

2022-இல் அமேசான் பிரைமில் வந்த ‘சுழல்’ எங்கள் மண்ணின் திருவிழாவை முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குக் கொண்டுபோனது. புஷ்கர் – காயத்ரி எழுதிய அந்தத் தொடரில், காணாமல் போன பெண்ணைத் தேடும் கதை மயானக் கொள்ளையின் ஒன்பது நாட்களோடு பின்னப்பட்டிருக்கிறது. அது பேய்த் தொடர் அல்ல, குற்றக் கதை. ஆனால் பயம் முழுவதும் அம்மன் வேடங்களிலிருந்தும் சுடுகாட்டுச் சாம்பலிலிருந்தும்தான் வருகிறது. எனக்கு அதில் பெருமையும் உண்டு, குறையும் உண்டு. மேல்மலையனூர் விழா பதின்மூன்று நாள். மயானக் கொள்ளை இரண்டாம் நாளே முடிந்துவிடும். கதைக்காக அதை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளைச் சீரழிக்கும் வீட்டு ஆளைப் பற்றிய கதைக்கு, கையில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் தின்னும் கபாலத்தை விடப் பொருத்தமான படிமம் கிடையாது. அது தொடரில் முழுதாகப் பயன்படவில்லை என்பதே என் வருத்தம்.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நான்கு இடங்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கும் அரசனும் ஒரே பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். அமெரிக்க மெய்யியலாளர் நோயல் கேரல் 1990-இல் எழுதிய நூலில், திகில் என்பது அச்சமும் அருவருப்பும் சேர்ந்தது என்றார். நம் கணக்கில் அது அச்சமும் இளிவரலும். அது மேற்கத்தியப் படங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. தமிழ்ப் பேய்ப் படத்தில் அணங்கோடு சேர்வது அருவருப்பு அல்ல, இறை. ‘முனி’யிலும் ‘காஞ்சனா’விலும் நிலத்தைப் பிடுங்குபவன் சட்டமன்ற உறுப்பினர். ‘சந்திரமுகி’யில் அரசன். ‘ஈர’த்தில் வீட்டுக்கு இறைவனாக நினைத்துக்கொள்ளும் கணவன். உயிரோடு இருக்கும்போது எதிர்க்க முடியாத இறையை, செத்து அணங்கானபின் எதிர்க்கிறார்கள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து ஓய்ந்தவர்கள் நிறைந்த ஊரில், இந்தக் கதை அலுக்காமல் ஓடுவதில் வியப்பில்லை.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பேய்க்கதையின் மேல் எனக்கிருக்கும் பற்று, நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதற்கும் வேப்பங்குச்சியால் அடிப்பதற்கும் வக்காலத்து அல்ல. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தீயிலிருந்து தப்ப முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. அதே சமயம், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வையும் மறக்கக் கூடாது. தென்னிந்தியக் கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை ரகுராமும் அவர் குழுவினரும் கவனித்தார்கள். மருந்து தராமலேயே, அங்கே தங்கியிருந்த சில வாரங்களில், நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. கட்டிப்போடாமல், விரட்டாமல், பரிவோடு வைத்துக்கொண்டதே அதற்குக் காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். வீட்டில் யாருக்காவது மனம் தடுமாறினால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போங்கள். அமாவாசைக்கும் போகலாம், அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

இதுவரை நான் பார்த்த தமிழ்ப் பேய்ப் படங்களில், மேல்மலையனூரில் மாதந்தோறும் நடக்கும் அந்தக் கதை வந்ததே இல்லை. புதுப் பெண், அவள் உடம்பில் பேசும், காதலில் தோற்றுச் செத்த ஒரு பையன், அவனைக் கேள்வி கேட்கும் பம்பைக்காரர், கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவள், முடியை அறுத்தபின் அவள் திரும்பிப் போக வேண்டிய அந்த வீடு. யார் மேல் பரிவு கொள்வது என்று தெரியாமல் கொட்டகை திணறும் கதை அது. அதை எடுப்பவருக்குத் தொண்ணூறுகளின் அம்மன் பட வரைகலையோ வெளிநாட்டுப் படங்களின் திடுக்கிடும் ஓசையோ வேண்டாம், ஒரு பம்பை, ஓர் உடுக்கை, ஒரு புளிய மரம் போதும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செஞ்சியிலும் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் வேண்டுகோள்: அடுத்த அமாவாசைக்குக் கேமரா இல்லாமல் போய் விடிய விடிய உட்கார்ந்து, அந்தக் கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.